அண்ணன் அனுப்பிய ஜிங்கோ மாத்திரை

கேள்வி: அம்மாவுக்கு 76 வயது. அல்சைமர் நோய் நடுத்தர நிலையில் இருக்கிறது என்று டாக்டர் டோனெபெசில் கொடுக்கிறார். இதயத்துக்கு ஆஸ்பிரினும் உண்டு. அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் ஜிங்கோ பிலோபா மாத்திரை அனுப்பியிருக்கிறார். மூலிகைதானே, பக்கவிளைவு இல்லை, ஆராய்ச்சியில் நிரூபித்தது என்கிறார். டோனெபெசிலை நிறுத்திவிட்டு இதைக் கொடுக்கலாமா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: கூடாது. நிறுத்தவே நிறுத்தாதீர்கள்.

ஆராய்ச்சி நடந்தது உண்மைதான். 1997-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், ஓராண்டு ஜிங்கோ சாப்பிட்டவர்களுக்கு நினைவுச் சோதனையில் சிறு பலன் தெரிந்தது. ஆனால் பலர் பாதியிலேயே விலகிவிட்டார்கள். அதற்கு அப்புறம் வந்த முடிவுகளை உங்கள் அண்ணனுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. அமெரிக்க அரசின் நிதியில் 75 வயது தாண்டிய 3,069 பேரைச் சுமார் ஆறு வருடம் கவனித்தார்கள். பாதிப் பேருக்குத் தினம் 240 மில்லிகிராம் ஜிங்கோ, மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை. 2008-ல் முடிவு வந்தது. மறதி நோய் வந்தவர்கள் ஜிங்கோ குழுவில் 277 பேர், போலி மாத்திரைக் குழுவில் 246 பேர். இந்த வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியது, ஆகவே ஜிங்கோ கெடுதல் செய்தது என்று சொல்ல முடியாது. தடுக்கவில்லை என்பது மட்டும் தெளிவு. பிரான்சில் 2,854 பேரிடம் செய்த ஆய்வும் 2012-ல் இதையேதான் சொன்னது.

இந்த இரண்டு பெரிய ஆய்வுகளும் நோய் வராமல் தடுப்பதைப் பற்றியவை, அம்மாவுக்கு ஏற்கெனவே வந்துவிட்டதே என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஜெர்மனியில் டாக்டர்களே இதை எழுதிக் கொடுக்கிறார்கள், சில ஆய்வுகள் பலன் இருப்பதாகவும் சொல்கின்றன. ஆனால் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, மருத்துவ ஆய்வுகளை எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2009-ல் வெளியிட்ட மதிப்பாய்வு, சான்று முன்னுக்குப் பின் முரணானது, நம்பத்தக்கதல்ல என்றது.

டோனெபெசிலும் நோயைத் தீர்க்காது, கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். அந்தக் கொஞ்சம் பெரிது. நோய் நடுத்தர நிலையிலோ முற்றிய நிலையிலோ இருந்தவர்களிடம் இங்கிலாந்தில் நடந்த ஆய்வில், அதை நிறுத்தியவர்களுக்கு நினைவாற்றல் வேகமாகச் சரிந்தது. முதல் வருடத்தில் பராமரிப்பு இல்லத்துக்குப் போக வேண்டிவரும் அபாயமும் ஏறத்தாழ இரண்டு மடங்கானது.

பக்கவிளைவு இல்லை என்பதும் தவறு. ஜிங்கோ சாப்பிட்டவர்களுக்கு ரத்தக்கசிவு வந்த பதிவுகள் மருத்துவ இதழ்களில் உள்ளன. அம்மா ரத்தம் உறைவதைக் குறைக்கும் ஆஸ்பிரினும் சாப்பிடுகிறாரே! டப்பாவை டாக்டரிடம் காட்டாமல் ஒரு மாத்திரைகூடக் கொடுக்காதீர்கள். வைட்டமின் பி12, தைராய்டு இரண்டையும் பரிசோதித்தாயிற்றா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள். இவற்றில் குறை இருந்தாலும் மறதி கூடும், அதைச் சரிசெய்ய வழி உண்டு.

அண்ணன் அம்மாவுக்காகத்தான் செலவு செய்கிறார். அந்தப் பணத்தைப் பகலில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வைக்க அனுப்பச் சொல்லுங்கள்.