போகும்போது ரயில், வரும்போது கால்

(நடைப்பயணம் பற்றி வாசகர்கள் கேட்டவையும் இந்த ராயபுரத்து ஓய்வுபெற்ற புவியியல் டீச்சரின் பதில்களும்)

கேள்வி: என் மகள் இங்கிலாந்தில், டெர்பிஷையர் பக்கம் ஹாதர்சேஜ் என்ற கிராமத்தில் இருக்கிறாள். மே மாதம் போகிறேன். அவளும் மாப்பிள்ளையும் காலையில் காரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார்கள். கார் இல்லாமல் நான் தனியாக எங்கே நடக்க முடியும்? வயது 61. முட்டி சுமார்தான்.
– வாசகி, காலடிப்பேட்டை

பதில்: மகள் நல்ல கிராமமாகப் பார்த்துத்தான் குடியேறியிருக்கிறாள். ஹாதர்சேஜில் ரயில் நிலையமே இருக்கிறது. ஷெஃபீல்டிலிருந்து மான்செஸ்டர் போகும் பாதையில் கிரிண்டில்ஃபோர்ட், ஹாதர்சேஜ், பாம்ஃபோர்ட், ஹோப், ஈடேல் என்று சின்னச் சின்ன ஸ்டேஷன்கள் வரிசையாக வரும், நம் கும்மிடிப்பூண்டி லைனில் கத்திவாக்கம், எண்ணூர், அத்திப்பட்டு வருவதுபோல. ஆனால் ஒரு வண்டியை விட்டால் அடுத்ததற்கு ஒரு மணி நேரம் போலக் காத்திருக்க வேண்டும்.

என் தங்கை மகன் ஷெஃபீல்டில் இருந்தபோது ஒரு கோடைக்காலம் அவனோடு தங்கியிருந்தேன். அப்போது பிடித்துக்கொண்ட வழக்கம் இது: போகும்போது வண்டி, வரும்போது நடை. பலர் வீட்டிலிருந்து நடந்து போய், அசந்துபோன பிறகு பஸ்ஸுக்கு ஓடுகிறார்கள். கிராமத்துப் பஸ் நமக்காக நிற்காது. வீட்டைப் பார்த்து நடந்தால் எந்த வண்டியையும் பிடிக்க வேண்டியதில்லை, முட்டி சொல்கிற வேகத்தில் வரலாம். மே மாதம் அங்கே இரவு எட்டரை, ஒன்பது வரை வெளிச்சம் இருக்கும்.

முதல் நடைக்கு கிரிண்டில்ஃபோர்டுக்கு டிக்கெட் எடுங்கள். ஒரே ஒரு ஸ்டேஷன்தான். இறங்கியதும் டாட்லி சுரங்கத்தின் வாயைப் பார்க்கலாம். உள்ளே கிட்டத்தட்ட 5.7 கிலோமீட்டர் நீளம். அங்கிருந்து பேட்லி சிற்றாலயத்தைத் தாண்டிப் பாதை போகிறது. 1588-ல் ஒளிந்திருந்த இரண்டு கத்தோலிக்கப் பாதிரியார்களை இங்கே பிடித்து, டெர்பியில் கொன்றார்கள். அப்புறம் டெர்வென்ட் ஆற்றை ஒட்டிய பாதையில் லெட்மில் பாலம் வரை வந்தால் ஹாதர்சேஜ் வந்துவிடும். மொத்தம் 5 கிலோமீட்டர் போல, பெரும்பாலும் சமதளம். ஊருக்குள் வந்ததும் தேவாலயத் தோட்டத்தில் ராபின் ஹூட்டின் கூட்டாளி லிட்டில் ஜானுடையது என்று சொல்லப்படும் கல்லறையையும் பாருங்கள். நிஜமா என்று கேட்டால் நான் சிரித்துவிடுவேன். ஆனால் கல்லறை நல்ல நீளம்.

முட்டி பழகியபின் ஈடேல். ஸ்டேஷனில் இறங்கி ஹாலின்ஸ் கிராஸ் என்ற கணவாய் ஏறி மறுபக்கம் காசல்டனுக்கு இறங்குவது. 150 மீட்டர் போல ஏற்றம். ஈடேலில் தேவாலயம் இல்லாத காலத்தில் பிணத்தை இந்த வழியாகத்தான் தூக்கிப் போனார்களாம். நாம் வெறுங்கையோடு ஏறுகிறோம், மூச்சு வாங்கினால் நிற்கலாம். காசல்டனிலிருந்து ஷெஃபீல்ட் போகும் பஸ் ஹாதர்சேஜ் வழியாகத்தான் போகும். இந்த நடையில் மட்டும் கடைசி வண்டி பிடித்தாக வேண்டும் என்பதால் நேரத்தை முதல் நாளே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கண்டக்டர் கிடையாது, டிரைவரிடமே டிக்கெட். பஸ் வரும்போது கையைக் காட்டுங்கள், சும்மா நின்றால் போய்விடக்கூடும்.

புடவை வேண்டாம். வேலிக்கு வேலி ஏறித் தாண்டுகிற படிகள் உண்டு, புடவையோடு அவற்றில் ஏறி நான் பட்ட பாடு போதும். சல்வாரும் சேற்றுக்குத் தாங்குகிற ஷூவும் போதும். கேட்டைத் திறந்தால் மூடுங்கள், திறந்தே கிடந்தால் அப்படியே விடுங்கள். கன்றோடு நிற்கும் மாட்டுக்குப் பக்கத்தில் மட்டும் போகாதீர்கள். நம் தெரு மாட்டைத் தட்டிவிட்டுப் போகிற தைரியத்தை அங்கே காட்டக்கூடாது.

கேள்வி: அடுத்தவன் வயலுக்குள் நடக்கச் சொல்கிறீர்களே, துரத்த மாட்டானா?
– ஓய்வுபெற்ற மில் தொழிலாளி, பெரம்பூர்

பதில்: ஐயா, நீங்கள் கேட்க வேண்டிய கேள்விதான். துரத்தினார்கள். ஈடேலுக்கு மேலே கிண்டர் ஸ்கௌட் என்று 636 மீட்டர் உயர மேடு. பணக்காரர்கள் காட்டுக்கோழி சுடுவதற்காக அதைப் பூட்டி வைத்திருந்தார்கள். மான்செஸ்டர், ஷெஃபீல்ட் தொழிலாளிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை காற்று வாங்க இருந்த இடம் அதுதான். 1932 ஏப்ரல் 24 அன்று சில நூறு பேர் கூட்டமாக மேலே ஏறினார்கள். முன்னால் நின்றவர் பென்னி ராத்மேன், வயது 20. ஸ்டேஷனில் போலீஸ் காத்திருக்கும் என்று அவர் சைக்கிளில் போய்ச் சேர்ந்தார். காவல்காரர்களோடு தள்ளுமுள்ளு, ஐந்து பேருக்குச் சிறை. பிறகு 1949 சட்டம் வந்தது. பொதுப் பாதைகளையெல்லாம் வரைபடத்தில் பதிய வேண்டும் என்றது. 2000-ல் வந்த இன்னொரு சட்டம் மலைமேடுகளில் பாதையை விட்டு விலகி நடக்கவும் உரிமை கொடுத்தது. 2002-ல், எழுபதாம் ஆண்டு கூட்டத்தில், அன்றைய நிலச்சொந்தக்காரரின் வாரிசான டெவன்ஷைர் பிரபு மன்னிப்புக் கேட்டார். உங்கள் பெரம்பூர் பி அண்ட் சி மில் வாசலில் உரிமை கேட்டு நின்றவர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை.

இன்று அந்த நாட்டு வரைபட நிறுவனமான ஆர்டினன்ஸ் சர்வே வெளியிடும் 1:25,000 வரைபடத்தில் பொதுப் பாதை பச்சைக் கோடு கோடாக இருக்கும். நான்கு சென்டிமீட்டர் என்றால் ஒரு கிலோமீட்டர். தரையில் மஞ்சள் அம்பு நடப்பவருக்கு. நீல அம்பு இருந்தால் குதிரையும் சைக்கிளும் வரும், ஒதுங்குங்கள்.

கேள்வி: டீச்சர், இங்கிலாந்தெல்லாம் சரி. மூலக்கொத்தளத்துக்காரன் நான், சனிக்கிழமை ரயிலேறி எங்கே போய் நடக்க?
– கல்லூரி மாணவர்

பதில்: பழவேற்காடு, தம்பி. கும்மிடிப்பூண்டி லோக்கலில் பொன்னேரி, அங்கிருந்து பஸ்ஸில் 18 கிலோமீட்டர் போல. இந்த ரோட்டில் நடந்து திரும்பாதே, லாரி பயம். ஊருக்குள் நடப்பதற்கே அரை நாள் வேண்டும். டச்சுக்காரர்கள் 1613-ல் கட்டிய கெல்ட்ரியா கோட்டை இருந்த இடம், அவர்கள் கல்லறைத் தோட்டம், ஆதிநாராயணப் பெருமாள் கோயில் சுவரில் விரலளவு ராமாயணச் சிற்பங்கள். கல்லறைத் தோட்ட வாசலில் இரண்டு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கியிருக்கிறார்கள். எல்லாரும் செல்ஃபி எடுக்கும் இடம் அதுதான், நீயும் எடுப்பாய். ஏரி, சில்காவுக்கு அடுத்து நாட்டிலேயே பெரிய உப்பங்கழி. குளிர்காலத்தில் பூநாரை வரும்.

இங்கிலாந்தில் அவசரம் கடைசி பஸ்ஸுக்காக, இங்கே வெயிலுக்காகவும்தான். விடியற்காலை வண்டியில் கிளம்பு, பதினொரு மணிக்கெல்லாம் நிழலில் இரு. பஸ்ஸை விட்டு இறங்கியதும், டீ குடிப்பதற்கு முன்பே, திரும்பும் பஸ் எப்போது என்று கேட்டுவிடு. யாராவது படகில் கூட்டிப்போகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல். 2011 கிறிஸ்துமஸ் அன்று அங்கே படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள்.

கேள்வி: இவ்வளவுக்கும் போன் மேப் போதாதா?
– வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: பொன்னேரியில் போதும். ஈடேல் பள்ளத்தாக்கில் சிக்னல் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். வீட்டிலேயே டவுன்லோட் செய்துகொண்டு போங்கள், கூடவே காகித மேப் ஒன்றும் இருக்கட்டும். மழைக்கு பிளாஸ்டிக் உறை போட்டுக்கொள்ளுங்கள்.