கானில் விற்கும் மலிவுப் பெற்றோல் காருக்கு ஆகுமா?

கேள்வி: காத்தான்குடியில் இருக்கிறேன். 2015ஆம் ஆண்டு வாகன்ஆர் ஹைபிரிட் கார் வைத்திருக்கிறேன். வேலைக்குக் கல்முனை போய் வருவதால் மாதம் 2000 கிலோமீற்றர் போல ஓடுகிறது. கடற்கரைப் பக்கம் ஒருவர் பெற்றோலைக் கானில் வைத்து, பெற்றோல் செட் (நிரப்பு நிலைய) விலையை விட லீற்றருக்கு 40 ரூபா குறைத்துத் தருகிறார். இரண்டு தரம் 5 லீற்றர் வாங்கி ஊற்றினேன், வண்டி ஓடுகிறது. தொடர்ந்து வாங்கலாமா? செட்களிலும் ஒரு கம்பனி மற்றதை விடச் சில ரூபா குறைத்து விற்கும் நாட்கள் உண்டு. அங்கே அடித்தால் எஞ்சினுக்குப் பாதிப்பா?

பதில்: விலை குறைந்த செட்டில் பயப்படாமல் அடியுங்கள். கான் பெற்றோலை இன்றோடு விட்டுவிடுங்கள்.

செட் விஷயம் சுருக்கமானது. சிபெட்கோ, லங்கா ஐஓசி, சினோபெக் என்று பலகை எதுவானாலும் 92 ஒக்டேன் பெற்றோல் ஒரே தர அளவுகளுக்குள் இருந்தாக வேண்டும். ஒக்டேன் என்பது எஞ்சினுக்குள் பெற்றோல் நேரத்துக்கு முந்தி வெடிக்காமல் தாங்கும் அளவு. நாட்டின் ஒரே சுத்திகரிப்பு ஆலை சபுகஸ்கந்தையில் 1969இல் இருந்து இயங்குகிறது. அது போதாததால் மிகுதி கப்பலில் வருகிறது. கம்பனிக்குக் கம்பனி மாறுவது பெரும்பாலும் பெற்றோலைத் தெளிக்கும் இஞ்செக்டரையும் வால்வையும் துப்புரவாக வைத்திருக்கச் சேர்க்கும் மருந்துதான். அது நல்லது, ஆனால் அது இல்லாததால் எஞ்சின் கெட்டுப்போகாது. ஒரு செட்டின் தரத்தை நிர்ணயிப்பது அதன் நிலத்தடித் தாங்கி எவ்வளவு சுத்தம், எவ்வளவு வேகமாக விற்றுத் தீர்கிறது என்பதே. பிரதான வீதியில் நாள் முழுக்க வாகனம் நிற்கும் செட்டில் பெற்றோல் பழசாக நேரமிருக்காது.

95 அடிக்க வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதில்தான் பலர் வீணாகக் காசு விடுகிறார்கள். ஜப்பானில் சாதாரணப் பெற்றோலுக்கு விதித்திருக்கும் ஆகக்குறைந்த ஒக்டேன் 89. உங்கள் வாகன்ஆர் அந்தப் பெற்றோலுக்கென்று செய்த வண்டி. எங்கள் 92 அதற்குத் தாராளம். எரிபொருள் மூடியின் உட்பக்கத்திலோ கைநூலிலோ 95 என்று எழுதியிருக்கும் வண்டிக்கு மட்டும் 95 அடித்தால் போதும். ஐரோப்பியக் கார்களிலும் சில டர்போ எஞ்சின்களிலும் அப்படி எழுதியிருக்கும்.

இனி கானுக்கு வருவோம். லீற்றருக்கு 40 ரூபா குறைத்துக் கொடுத்தும் ஒருவருக்கு இலாபம் நிற்கிறது என்றால் அந்த இலாபம் எங்கிருந்து வருகிறது? செட்டில் முழு விலைக்கு வாங்கி நட்டத்துக்கு விற்க யாருக்கும் முடியாது. ஒன்றில் அளவு குறைகிறது, அல்லது வேறொன்று கலக்கிறது, அல்லது அது களவாக உறிஞ்சி எடுத்தது. எங்கள் கரையில் கலக்க வசதியான பொருள் மண்ணெண்ணெய். பைபர் வள்ளங்களின் வெளி எஞ்சின் பல மண்ணெண்ணெயில் ஓடுவதால் கரையோரத்தில் அது எப்போதும் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் விலை 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாய்க்கு ஏறியது, அதற்கு முன் கலப்படத்தில் கிடைத்த அளவு இலாபம் இப்போது இல்லை. ஆனாலும் இடைவெளி மூடவில்லை. 2025இல் 92 பெற்றோல் 300 ரூபாயை ஒட்டி நின்றபோது மண்ணெண்ணெய் 180 ரூபாயை ஒட்டித்தான் இருந்தது.

கலந்த பெற்றோல் காருக்குள் என்ன செய்கிறது? பெற்றோல் ஏறத்தாழ 35 பாகையில் கொதிக்கத் தொடங்கி 210 பாகைக்குள் முழுதாக ஆவியாகிவிடும். மண்ணெண்ணெய் 150 பாகையில்தான் கொதிக்கத் தொடங்கும், 300 பாகை வரை இழுக்கும். காலையில் குளிர்ந்த எஞ்சினுக்குள் அது ஆவியாகாமல் துளியாகவே நிற்கிறது. சிலிண்டர் சுவரில் இருக்கும் ஓயில் படலத்தைக் கழுவிக்கொண்டு, பிஸ்டன் ரிங் இடுக்கால் கீழே ஓயிலுக்குள் இறங்குகிறது. ஓயில் தண்ணீர்போல இளகிவிடுகிறது, பேரிங்குகள் தேயத் தொடங்குகின்றன. மேலே எரியாமல் மிஞ்சியது சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தப்படுத்தும் கட்டலிட்டிக் கொன்வேர்ட்டருக்குள் எரிகிறது. அளவுக்கு மீறிய அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் செராமிக் தேன்கூடு உருகி அடைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு எவ்வளவு மிதித்தாலும் வண்டி இழுக்காது.

ஒக்டேனும் விழுகிறது. மூன்று நான்கு பேரை ஏற்றி, ஏசியும் போட்டு, கல்லடிப் பாலத்தில் ஏறும்போது மிதித்துப் பாருங்கள். தகரப் பேணிக்குள் சில்லறையைக் குலுக்கினாற்போல ஒரு சத்தம் கேட்டால் அதுதான் நொக்கிங். உங்கள் காரில் அதைக் கேட்கும் சென்சர் ஒன்று இருக்கிறது. அது தகவல் கொடுத்ததும் கணினி பொறி விழும் நேரத்தைப் பின்தள்ளிவிடும். சத்தம் அடங்கும், கூடவே வலுவும் குறையும். நீங்கள் உங்களை அறியாமலே கூடுதலாக மிதிப்பீர்கள். “வண்டி ஓடுகிறது” என்று நீங்கள் சொல்வது இதனால்தான். பழைய கார்புரேட்டர் வண்டி என்றால் இருமி, இழுத்துக் காட்டிக் கொடுத்துவிடும். புது வண்டி சமாளித்து ஓடும், கணக்கு ஓடோமீற்றரில்தான் தெரியவரும்.

அந்தக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். செட் விலை 300 ரூபா, கார் லீற்றருக்கு 19 கிலோமீற்றர் ஓடுகிறது என்று வையுங்கள். 2000 கிலோமீற்றருக்கு 105 லீற்றர், ஏறத்தாழ 31,600 ரூபா. கான் விலை 260. மைலேஜ் குறையாவிட்டால் மாதம் 4,200 ரூபா மிச்சம், இதை நம்பித்தான் வாங்குகிறீர்கள். கலப்பால் 19 என்பது 17 ஆகக் குறைந்தால் 118 லீற்றர் வேண்டும், செலவு 30,600 ரூபா, மிச்சம் ஆயிரம் ரூபாதான். அதோடு 5 லீற்றர் என்று தந்த கானில் கால் லீற்றர் குறைந்திருந்தால் செலவு 32,200 ரூபாயைத் தொடும். கெட்ட பெற்றோலைக் கூடுதல் விலைக்கு வாங்கியிருப்பீர்கள். போத்தலில் விற்பது இன்னும் மோசம். சாராயப் போத்தல் 750 மில்லிலீற்றர்தான், அதை ஒரு லீற்றர் என்று நினைத்து வாங்குபவர்கள் இருக்கிறார்கள். வெயிலில் கிடந்த கானில் பெற்றோல் விரிந்தும் நிற்கும். 28 பாகையிலிருந்து 45 பாகைக்குச் சூடானால் 5 லீற்றரில் ஏறத்தாழ 80 மில்லிலீற்றர் வெறும் விரிவு.

மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளத்துக்குக் கலந்த பெற்றோலாகவும் அது இருக்கலாம். 50க்கு 1 என்ற கணக்கில் கலந்தால் லீற்றருக்கு 20 மில்லிலீற்றர் 2ரீ ஓயில் (டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குப் பெற்றோலோடு கலக்கும் ஓயில்) இருக்கும். காரில் ஊற்றினால் வெண்நீலப் புகை வரும், பிளக் முனையில் ஈரக் கரி பிடிக்கும், ஒட்சிசன் சென்சர் மங்கும்.

வாங்கியது எப்படி என்று பார்க்க வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. வெளியில், அடுப்பும் சிகரெட்டும் இல்லாத இடத்தில் செய்யுங்கள். ஆய்வுகூட வடிதாள் அல்லது கோப்பி வடிக்கும் வெள்ளைத் தாள் இரண்டு எடுங்கள். ஒன்றில் செட்டில் அடித்த பெற்றோல் ஒரு சொட்டு, மற்றதில் கான் பெற்றோல் ஒரு சொட்டு. நிழலில் வைத்து இரண்டு மூன்று நிமிடம் பாருங்கள். நல்ல பெற்றோல் ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சுருங்கிக் காய்ந்து, தாள் பழைய வெள்ளைக்கு வந்துவிடும். கலந்ததில் நடுவே ஒரு வட்டம் ஈரமாகவே நிற்கும், வெளிச்சத்தில் பிடித்தால் எண்ணெய் பட்ட தாள் மாதிரித் தெரியும், முகர்ந்தால் குப்பி விளக்கு வாசம் வரும். தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க ஒரு கண்ணாடிப் போத்தலில் விட்டு அரை மணி நேரம் ஆடாமல் வையுங்கள். தண்ணீர் பெற்றோலோடு கலக்காது, அடியில் முத்து முத்தாக உருளும்.

அடர்த்தி அளக்கும் மானி வாங்கலாமா என்று சிலர் கேட்பார்கள். அதை மட்டும் நம்ப வேண்டாம். 0.74 அடர்த்தியுள்ள பெற்றோலில் 0.80 மண்ணெண்ணெய் ஐந்தில் ஒரு பங்கு கலந்தாலும் 0.752தான் காட்டும். அதுவும் பெற்றோலுக்கு வழமையான அளவுக்குள்தான் இருக்கிறது.

நீங்கள் ஏற்கனவே ஊற்றிய 10 லீற்றருக்கு இப்போது செய்ய வேண்டியது இது. தாங்கி கால்வாசிக்குக் குறையாமல் இருக்கும்போதே நல்ல பெற்றோலால் நிரப்புங்கள். அந்த ஒரு தாங்கிக்கு 95 அடித்தால் விழுந்த ஒக்டேனை ஓரளவு ஈடுசெய்யும். ஓடி முடியும் வரை அழுத்தி மிதிக்காதீர்கள். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஓயில் குச்சியை இழுத்து, துடைத்து, திரும்ப விட்டு எடுங்கள். மட்டம் முன்பிருந்ததை விட ஏறியிருந்தால், அல்லது குச்சியில் மண்ணெண்ணெய் வாசம் அடித்தால், நாள் பார்க்காமல் ஓயிலையும் ஓயில் பில்டரையும் மாற்றுங்கள். ஓயில் மட்டம் தானாக ஏறுவது நல்ல செய்தியல்ல. உங்கள் எஞ்சினுக்குப் பிளக் மூன்றுதான், மூன்றையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சின் விளக்கு எரிந்தால் கராஜ் ஸ்கானரில் பார்க்கச் சொல்லுங்கள். பி0300 என்ற குறியீடு வந்தால் எரிப்புத் தவறுகிறது, பி0420 வந்தால் கொன்வேர்ட்டர் பக்கம் பார்க்க வேண்டும்.

தவறுதலாக டீசலோ முழு மண்ணெண்ணெயோ விட்டுவிட்டால் ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம், சாவியை ஓன் நிலைக்கும் திருப்ப வேண்டாம். ஓன் ஆனதுமே பம்ப் அதை இஞ்செக்டர் வரை தள்ளிவிடும். வண்டியைத் தள்ளி ஓரம் கட்டி, தாங்கியை வடித்தெடுக்க ஆளைக் கூப்பிடுங்கள்.

டீசல் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சம்மாந்துறை, அக்கரைப்பற்று வயல் பக்கம் உழவு இயந்திரத்துக்குப் பீப்பாயில் வைத்த டீசலைக் கொமன் ரெயில் எஞ்சின் உள்ள வானுக்கோ கெப்புக்கோ ஊற்றாதீர்கள். அந்த எஞ்சினின் டீசல் பம்ப் ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தும், அதன் உள்பாகங்களுக்கு டீசல்தான் ஓயில். பீப்பாய் அடியில் சேரும் தண்ணீரும் துருவும், கலந்த மண்ணெண்ணெயின் வழுக்காத தன்மையும் சேர்ந்தால் பம்ப் தேய்ந்து, அதன் இரும்புத் தூள் நான்கு இஞ்செக்டரையும் கொண்டுபோய்விடும்.

செட்டிலும் கண்ணை மூடிக்கொண்டு அடிக்க வேண்டாம். பவுசர் இறக்கிக்கொண்டிருக்கும்போது தாங்கியின் அடி மண்டி கிளம்பியிருக்கும், ஒரு மணி நேரம் கழித்துப் போங்கள். மாரி வெள்ளம் வளவுக்குள் நின்று வடிந்த செட்டில் உடனே தாங்கி நிரப்பாமல் இரண்டு மூன்று நாள் விடுங்கள். அடித்த சிறிது தூரத்திலேயே வண்டி குலுங்கத் தொடங்கினால் பற்றுச்சீட்டை எறியாதீர்கள். பம்ப் இலக்கம், நேரம் குறித்து, தாங்கியிலிருந்து ஒரு லீற்றரைக் கண்ணாடிப் போத்தலில் எடுத்து மூடி வைத்து, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள். கான்காரரிடம் வாங்கியதற்குப் பற்றுச்சீட்டும் இல்லை, முறையிட வழியும் இல்லை.

வீட்டில் மிச்சக் கான் இருந்தால் அறைக்குள்ளோ குசினிப் பக்கமோ வைக்காதீர்கள். 2022 தட்டுப்பாட்டில் வீட்டில் சேர்த்துவைத்த பெற்றோலால் தீ விபத்துகள் நடந்தன. பெற்றோல் ஆவி காற்றை விடப் பாரமானது, தரையோடு தவழ்ந்து தூரத்து அடுப்பைக்கூடத் தேடிப் போகும். தாள் சோதனையில் தேறினால் காரின் பெரிய தாங்கியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து முடியுங்கள். 2ரீ ஓயில் கலந்தது என்று உறுதியானால் டூ ஸ்ட்ரோக் புல் வெட்டும் இயந்திரத்துக்குக் கொடுக்கலாம். இரண்டும் இல்லையென்றால் தெரிந்த கராஜில் ஒப்படையுங்கள், வடிகானிலோ வாவியிலோ ஊற்ற வேண்டாம்.