சிவப்புத் தாள்

வணக்கம் ஐயா,

உங்கள் சிறுகதைத் தொகுப்பை வட்ஸ்அப்பில் வந்த பிடிஎஃப்பில்தான் வாசித்தேன். அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன், அழுதுவிட்டார். மூன்று குழுக்களுக்கு அனுப்பியும் வைத்தேன். புத்தகம் 1,200 ரூபாய் என்றால் எங்களால் எப்படி வாங்க முடியும்? விலையைக் குறைத்தால் திருட்டுப் பிரதி நின்றுவிடாதா? இல்லையென்றால் மின்னூலாகப் போட்டு, யாரும் பிரதி எடுக்க முடியாதபடி பூட்டிவிடலாமே? விபுலாநந்த அடிகளின் நூல்கள் இணையத்தில் சும்மா கிடைக்கின்றனவே.

ஒரு வாசகர், களுவாஞ்சிக்குடி

அன்புள்ள தம்பி,

அடிகளை இதற்குள் இழுக்க வேண்டாம். அவர் 1947இல் காலமானார். நமது இலங்கையின் 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதியவர் இறந்து 70 ஆண்டு வரைதான் உரிமை. அது முடிந்துவிட்டது.

விலைக்கு வருகிறேன். பக்கம் அமைப்பது, அட்டை, பிளேட் எல்லாம் 100 பிரதிக்கும் 300 பிரதிக்கும் ஒரே செலவு. அது 90,000 ரூபாய் என்று வையுங்கள். 300 பேர் வாங்கினால் ஆளுக்கு 300. 100 பேர்தான் வாங்குவார்கள் என்றால் 900. தாளும் கட்டுக்கூலியும் தனி. பிடிஎஃப் வாசித்த எல்லோரும் வாங்கியிருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. வாங்க நினைத்திருந்தவர்கள் விட்டுவிட்டால்கூட அவர்களின் பங்கு வாங்கியவர் தலையில்தான் விழும்.

பூட்டச் சொல்கிறீர்களே, அதுதான் என்னை இருத்தி எழுதவைத்தது.

1993இல் நான் உயர்தரம் படித்தேன். கொக்கட்டிச்சோலைப் பக்கமிருந்து மண்முனைத் துறையில் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறி, ஆற்றைக் கடந்து ரியூஷனுக்குப் போவேன். பாலம் வந்தது 2014இல்தான். இரசாயனவியல் சேர் தன் குறிப்புகளை அடித்து விற்பார். ஒருவன் வாங்கினால் பத்துப் பேர் போட்டோ கொப்பி எடுப்பார்கள். அவர் இராப்பகலாக எழுதியது அது. பொறுக்க முடியாமல் ஒரு தவணை கடும் சிவப்புத் தாளில் அடித்தார். கொப்பி எடுத்தால் பக்கம் முழுக்கக் கறுப்பாக வரும்.

எங்கள் வீட்டில் அப்போது மின்சாரம் இல்லை. குப்பி விளக்கில் சிவப்புத் தாளின் கறுப்பு எழுத்துத் தெரியாது. அம்மா நெல் விற்ற காசில் வாங்கிய குறிப்பைப் பொழுதுபட்டதும் மூடிவைக்க வேண்டும். சோதனைக்கு இரண்டு மாதம் இருந்தது. ஒரு கிழமை போகவில்லை, யாரோ ஒருவன் பகலில் உட்கார்ந்து அவ்வளவையும் வெள்ளைத் தாளில் கையால் எழுதிவிட்டான். அதன் கொப்பி எல்லோர் கையிலும். காசு கொடுக்காதவர்கள் வெள்ளைத் தாளில் இரவிரவாகப் படித்தார்கள். காசு கொடுத்த நான் விளக்கோடு முகத்தை வைத்துக்கொண்டு கண் எரிய உட்கார்ந்திருந்தேன். அடுத்த தவணை சேர் விலையையும் கூட்டினார், சிவப்புத் தாள் விலை கூடியதாம்.

பூட்டிய மின்னூலும் இதேதான், தம்பி. காசு கொடுத்தவர் அதை விற்ற கடையின் செயலிக்குள்தான் வாசிக்கலாம். அக்காவுக்கு இரவல் கொடுக்க முடியாது. விற்ற கடை மூடினால் புத்தகமும் போய்விடும். பூட்டை உடைக்க ஒரே ஒருவன் போதும். அவன் உடைத்த பிரதியில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அந்தப் பூட்டுக்கும் செலவு உண்டு, அதையும் வாங்குபவரிடம்தான் கேட்பார்கள். அச்சுப் புத்தகத்துக்குப் பூட்டே இல்லை, கைபேசியால் படம் பிடித்தால் முடிந்தது. ஆகவே நான் பூட்ட மாட்டேன். மின்னூல் வந்தால் திறந்தபடிதான் வரும், 300 ரூபாய்க்கு.

நீங்கள் வாசித்ததில் எனக்குக் கோபம் இல்லை. மூன்று குழுக்களுக்கு அனுப்பினீர்கள் பாருங்கள், அது பிழை. கையில் காசில்லாதது ஒன்று, அடுத்தவன் உழைப்பை ஊருக்குப் பங்கிட்டுக் கொடுப்பது வேறொன்று. அந்த மூன்று குழுக்களிலும் இதை எழுதிவிடுங்கள்.

அம்மாவுக்கு ஒரு பிரதி அனுப்புகிறேன், விலாசம் எழுதுங்கள். அவரிடம் காசு வாங்க மாட்டேன். எந்தக் கதைக்கு அழுதார் என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.