தம்பி படித்த கட்டுரைகளுக்கு அக்கா கோர்வை தேடலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு கிராமம். முனைவர் பட்ட ஆய்வில் இரண்டாம் ஆண்டு. மேல் நீலகிரியில் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்ட சீகை (வாட்டில்) மரங்களை வெட்டி எடுத்த இடங்களில் பழைய புல்வெளி திரும்ப வருகிறதா என்பது என் தலைப்பு. லிட்டரேச்சர் ரிவ்யூ (முந்தைய ஆய்வுகளைப் பற்றிய அத்தியாயம்) 40 பக்கம் எழுதிக் கொடுத்தேன், 60-க்கும் மேல் கட்டுரைகள். 'கோர்வை இல்லை, வெறும் பட்டியல்' என்று கைடு திருப்பிக் கொடுத்துவிட்டார். அம்மா தேயிலை பறித்துத்தான் என்னைப் படிக்க வைக்கிறார், சீக்கிரம் முடிக்க வேண்டும். கட்டுரைகளின் சுருக்கத்தை எல்லாம் பிளஸ் டூ படிக்கும் என் தம்பி ராத்திரியில் உட்கார்ந்து எக்செல்லில் ஏற்றித் தந்தான், நன்றியுரையில் அவன் பெயரைப் போடுவேன். பத்திகளை இணைக்க என்னென்ன சொற்கள் போட வேண்டும்? மாதிரி வடிவம் ஏதாவது உண்டா? முதல் சில பக்கங்களை இணைத்திருக்கிறேன்.

பதில்: வயதில் என் மகள் மாதிரி இருக்கிறாய், அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன்.

ரிவ்யூ திரும்பி வந்துவிட்டது என்று எழுதும் மாணவர்கள் எல்லோரும் கடைசியில் கேட்பது இணைப்புச் சொற்களைத்தான். 'மேலும்', 'எனினும்', 'இதற்கு மாறாக' என்று பத்திக்கு ஒன்று போட்டாலும் உன் 40 பக்கம் ஒட்டாது. அதைப் பிறகு பார்க்கலாம். போகிற போக்கில் தம்பியைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அதை முதலில் பேசுவோம்.

பிளஸ் டூ படிக்கிற பிள்ளை. மார்ச்சில் பொதுத்தேர்வு. அவன் தன் இயற்பியலையும் கணக்கையும் மூடி வைத்துவிட்டு, உன் பட்டத்துக்காகப் புரியாத ஆங்கிலத்தை ராத்திரியில் தட்டிக்கொண்டிருந்திருக்கிறான். அக்கா கேட்டால் எந்தத் தம்பி மாட்டேன் என்பான்? நீ கேட்டிருக்கக் கூடாது. அம்மா குளிரிலும் மழையிலும் கூடையைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் நிற்பது உங்கள் இரண்டு பேருக்காகவும்தான். ஒரு வீட்டில் முதலில் மேலே ஏறியவர் அடுத்தவரைக் கை கொடுத்துத் தூக்கிவிட வேண்டும், அவர் தோளை மிதித்து இன்னும் ஒரு படி ஏறக் கூடாது. நன்றியுரையில் ஒரு வரி போட்டால் இது சரியாகிவிடும் என்று நினைக்காதே. அவன் கல்லூரியில் சேர இடம் தேடும்போது அந்த வரி எதற்கும் ஆகாது.

கைடு சொன்ன குறையும் இங்கேதான் தொடங்குகிறது. உன் கேள்வி அவனுக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு சுருக்கத்திலும் முடிவு மாதிரித் தெரிந்த கடைசி இரண்டு வரியை எடுத்து ஒரு வரிசையில் போட்டிருக்கிறான். நீ ஒவ்வொரு வரிசையையும் ஒரு பத்தியாக மாற்றினாய். 'இவர் இவ்வாறு கூறியுள்ளார். இவர் இவ்வாறு கூறியுள்ளார்.' கட்டுரைகளை நீ படிக்காதபோது யார் யாரோடு மோதுகிறார், யார் யாரைத் திருத்துகிறார் என்று உனக்கு எப்படித் தெரியும்? கோர்வை என்பது அந்தத் தெரிதல்தான்.

நீ அனுப்பிய பக்கங்களையே எடுத்துக்கொள். மூன்றாம் பக்கத்தில் சி.ஆர். ரங்கநாதன், 1938. திறந்த வெளியில் உறைபனி சோலை எனும் மலைக்காட்டின் மரக் கன்றுகளைக் கொன்றுவிடுகிறது, அதனால்தான் புல்வெளி காடாக மாறுவதில்லை என்பது அவர் வாதம். அடுத்த பத்தியில் என்.எல். போர், அதே 1938. தீயும் மேய்ச்சலும்தான் புல்லைப் புல்லாக வைத்திருக்கின்றன என்பது அவர் வாதம். இரண்டும் வந்தது ஒரே ஆண்டில், ஒரே 'இந்தியன் ஃபாரஸ்டர்' இதழில். எவ்வளவு பெரிய கருத்துச் சண்டை! உன் எழுத்தில் அது தெரியவே இல்லை. அப்புறம் நாலைந்து பக்கம் தள்ளி, சீகையின் தாவரவியல் விவரங்களுக்கு நடுவில், 1993-ல் 'நேச்சர்' இதழில் வந்த சுகுமார் குழுவின் ஆய்வு தனியாகக் கிடக்கிறது. நீலகிரிச் சதுப்புகளில் அடுக்கடுக்காக மக்கிக் கிடக்கும் கருமண்ணை எடுத்து, அதிலுள்ள கார்பன் வகைகளின் விகிதத்தை அளந்து, கடந்த 20,000 ஆண்டுகளில் காலநிலை மாற மாற இங்கே புல்லும் மரமும் மாறி மாறிக் கூடிக் குறைந்ததைக் காட்டியவர்கள் அவர்கள். மனிதர் காட்டை அழித்ததால்தான் இந்தப் புல்வெளி வந்தது என்ற கட்சிக்கு அது பெரிய அடி. ஆனால் பிற்காலத்தில் தீக்கும் மேய்ச்சலுக்கும் எந்தப் பங்கும் இல்லை என்று அது சொல்லிவிடவில்லை. இந்த மூன்றும் ஒரே பத்தியில், ஒன்றையொன்று பார்த்தபடி இருக்க வேண்டியவை.

இதைப் 'பின்னணி' என்று தலைப்புப் போட்டு ஒதுக்கியிருக்கிறாய். உன் ஆய்வே இதன் மேல்தான் நிற்கிறது, அம்மா. புல்வெளி பழையது, தானாக நிலைத்தது என்றால்தான் சீகையை எடுத்துவிட்டுப் புல்லைக் கொண்டுவருவதற்கு மீட்பு என்று பெயர். அது இல்லையென்றால் அங்கே மரம் நட வேண்டும் என்று ஒருவர் எழுந்து கேட்பார். உன் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) நிச்சயம் கேட்பார்.

பழனி மலையில் நாற்பது ஆண்டுகளில் மரத்தோட்டங்களாலும் விவசாயத்தாலும் புல்வெளி மூன்றில் இரண்டு பங்கு சுருங்கியதைச் செயற்கைக்கோள் படங்களால் காட்டிய 2018 கட்டுரையும் உன்னிடம் இருக்கிறது. அதிலிருந்து எண்ணை மட்டும் எடுத்திருக்கிறாய். அது எப்படி அளந்தது என்று பார்த்தாயா? மேலிருந்து எடுத்த படம் பரப்பைச் சொல்லும். வெட்டிய இடத்தில் வந்திருப்பது பழைய மலைப்புல்லா, களையா, மண்ணில் கிடந்த விதையிலிருந்து மறுபடி முளைத்த சீகைக் கன்றா என்பதற்குக் கீழே குனிந்து சதுரம் போட்டு எண்ண வேண்டும். பழைய தோட்டங்களின் நிழலில் சோலைக் கன்றுகள் முளைத்து வருவதைச் சொல்லும் பதிவுகளும் பழனி மலையிலிருந்து உண்டு, அதாவது சீகையை எடுத்தால் எல்லா இடத்திலும் புல்தான் வரும் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. இதுவரை பார்த்தவர்கள் எதைப் பார்க்கவில்லை என்பது இப்படிப் படிக்கும்போதுதான் தெரியும், உன் வேலை அங்கேதான் தொடங்குகிறது. அதை ரிவ்யூவின் கடைசிப் பக்கத்தில் நீயே எழுதிவிடலாம், மாதிரி வடிவம் தேவையில்லை.

ஆகவே, எக்செல் கோப்பை மூடு. உன் ஆய்வுக் கேள்வியை ஒரே வாக்கியத்தில் தாளில் எழுது. அதற்கு நேரடியாகப் பதில் சொல்லும், அல்லது அதை மறுக்கும் கட்டுரைகளை மட்டும் எடு. 60-இல் பாதி தேறினாலே அதிகம், மீதியை விட்டுவிடு. எடுத்ததை முழுதாகப் படி, முக்கியமாக எங்கே, எந்த உயரத்தில், எத்தனை ஆண்டு, எப்படி அளந்தார்கள் என்ற பகுதியை. நீலகிரியில் ஒருவர் சொல்வதும் பழனியில் ஒருவர் சொல்வதும் முரண்படுவது போலத் தோன்றினால், பாதி நேரம் காரணம் அந்தப் பகுதியில் கிடைத்துவிடும். எந்தப் பத்தியையும் ஆள் பெயரில் தொடங்காதே, விஷயத்தில் தொடங்கு: 'புல்வெளியில் மரம் ஏன் வளரவில்லை என்பதில் 1938-லேயே இரண்டு கட்சிகள் இருந்தன' என்பது போல. எழுதி முடித்ததும் ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தை மட்டும் வரிசையாக வாசி. அது தொடர்ச்சியாக ஒரு வாதம் போலப் போக வேண்டும். எங்கே தடுக்குகிறதோ அங்கே பத்தி இடம் மாறியிருக்கிறது. இணைப்புச் சொற்கள் அப்போது தானாக வந்து விழும்.

இன்னொன்று. அந்த 1938 கட்டுரைகளை நீ கண்ணால் பார்க்கவில்லை, பிற்காலத்துக் கட்டுரை ஒன்றிலிருந்து எடுத்த வரிகள் என்று வாசித்தாலே தெரிகிறது. மூலத்தைத் தேடிப் படி, கிடைக்காவிட்டால் யார் வழியாக எடுத்தாய் என்று எழுது. தம்பி பிரதி எடுத்த வரிகள் பல அப்படியே உன் பத்திகளில் இருக்கின்றன. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதத்தைத் தாண்டினால் ஆய்வேட்டைத் திருத்தி மறுபடி கொடுக்க வேண்டும். அப்போது பதில் சொல்ல வேண்டியவள் நீ, அந்தப் பையன் அல்ல.

கைடிடம் மறுபடி 40 பக்கத்தோடு போகாதே. முதல் வாக்கியங்களை மட்டும் ஒரே பக்கத்தில் எழுதிக் கொண்டுபோய்க் காட்டு. அவர் கேள்வி கேட்பார், அந்த வரிசை சரியான பிறகு விரித்து எழுது.

ராத்திரிகளில் நீயும் தம்பியும் ஒரே மேசையில் உட்காருங்கள், நீ உன் கட்டுரையைப் படி, அவன் அவன் பாடத்தைப் படிக்கட்டும், கணக்கில் சந்தேகம் கேட்டால் உன் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லிக் கொடு. தேர்வு முடிகிறவரை உன் ஆய்வு சம்பந்தமாக ஒரு வரிகூட அவனைத் தட்டச் சொல்லாதே. இன்றைக்கே அவனிடம் இதைச் சொல்லிவிடு, அம்மாவும் பக்கத்தில் இருக்கும்போது.