அண்ணனின் மஜ்ஜை பொருந்தியிருக்கும்போது மரபணுச் சிகிச்சைக்காகக் காத்திருக்கலாமா?

கேள்வி: எங்கள் மகளுக்கு 6 வயது ஆகிறது. எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது பீட்டா தாலசீமியா மேஜர் என்ற பரம்பரை ரத்தசோகை நோய் என்று கண்டுபிடித்தார்கள். அன்று முதல் மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றி வருகிறோம். பெரும்பாலும் நானோ என் தம்பியோதான் ரத்தம் கொடுக்கிறோம். இரும்பைக் குறைக்க டெஃபெராசிராக்ஸ் மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துத் தருகிறோம். வயிற்றுப்போக்கு வந்தால் சில நாள் நிறுத்திவிடுவது உண்டு. உடலில் சேர்ந்துள்ள இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு சென்ற மாதம் 2,300. அவளுடைய அண்ணனுக்கு 10 வயது. அவனுடைய எச்.எல்.ஏ. எனப்படும் திசு அடையாளங்கள் முழுமையாகப் பொருந்துகின்றன என்று தெரிந்ததால், எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை செய்துவிடலாம் என்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் என் மைத்துனரோ, மரபணுவையே சரிசெய்யும் சிகிச்சை அங்கே வந்துவிட்டது, அதில் கீமோதெரபி கிடையாது, நான்கைந்து ஆண்டு பொறுத்தால் இங்கும் வந்துவிடும் என்கிறார். என் மனைவி என் அக்கா மகள். பையனின் எலும்பில் ஊசி போட வேண்டுமே என்று அவள் மிகவும் பயப்படுகிறாள். நாங்கள் காத்திருக்கலாமா?
— சேலம் மாவட்ட வாசகர்

பதில்: காத்திருக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. ஆனால் உங்கள் மைத்துனர் இல்லாத ஒன்றைச் சொல்லிவிடவில்லை. அந்தச் சிகிச்சை உண்மையிலேயே வந்துவிட்டது. என் பார்வையில் ரத்த நோய் மருத்துவத்தின் மிகப் பெரிய வெற்றிகளில் அதுவும் ஒன்று. அது எப்படி வேலை செய்கிறது என்பதை நீங்கள் தெளிவாகப் புரிந்துகொண்டால், உங்கள் மகளுக்கு அது ஏன் முதல் தேர்வு இல்லை என்பது தானாகவே விளங்கும் என்பதால், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

உங்கள் மகள் பிறந்தபோது நலமாகத்தான் இருந்திருப்பாள். கருவில் இருக்கும் குழந்தையின் ஹீமோகுளோபினில் பீட்டா சங்கிலி என்ற புரத இழை கிடையாது. அதன் இடத்தில் காமா சங்கிலி இருக்கிறது. பிறந்த பிறகு சில மாதங்களில் காமா உற்பத்தி குறைந்து, பீட்டா அந்தப் பொறுப்பை ஏற்க வேண்டும். பீட்டா மரபணு பழுதாக இருக்கும் குழந்தை அந்த மாற்றம் நடக்கும்போதுதான் வெளுக்கத் தொடங்குகிறது. எட்டு மாதத்தில் நோய் தெரிந்ததற்குக் காரணம் இதுவே. ஆனால் சிலருக்கு, பிறவியிலேயே அமைந்த ஒரு வேறுபாட்டால், இந்தக் கரு ஹீமோகுளோபின் வளர்ந்த பிறகும் ஓரளவு தொடர்ந்து சுரக்கிறது. அப்படிப்பட்டவர்களுக்குத் தாலசீமியா இருந்தாலும் நோய் கடுமையாக இருப்பதில்லை. காமாவை அடக்கிவைப்பது எது என்று தேடியபோது, பி.சி.எல்.11ஏ என்ற மரபணு அகப்பட்டது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஸ்டூவர்ட் ஆர்கின் தலைமையிலான குழு 2008இல் அதன் பங்கை நிறுவியது. அந்த மரபணுவைச் சிவப்பணு வரிசைச் செல்களில் (சிவப்பணுவாக வளரும் செல்களில்) மட்டும் தூண்டிவிடும் ஒரு சிறு பகுதியை 2013இல் அதே குழு அடையாளம் கண்டது.

கிரிஸ்பர் மரபணுக் கத்திரி வெட்டுவது அந்தச் சிறு பகுதியைத்தான். உங்கள் மகளிடம் பழுதாக இருக்கும் பீட்டா மரபணுவை இந்தச் சிகிச்சை தொடுவதே இல்லை. அடக்கிவைக்கும் மரபணு சிவப்பணு வரிசையில் மட்டும் வலுவிழப்பதால், பிறந்த பிறகு ஓய்ந்துபோன காமா சங்கிலி மீண்டும் உற்பத்தியாகிறது. கேஸ்ஜெவி என்ற பெயரில் வந்துள்ள இந்தச் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டன் முதலில் அனுமதி தந்தது. அமெரிக்கா அதே ஆண்டு டிசம்பரில் அரிவாள் செல் நோய் என்ற இன்னொரு பரம்பரை ரத்த நோய்க்கும், 2024 ஜனவரியில் தாலசீமியாவுக்கும் அனுமதித்தது. தாலசீமியா ஆய்வில் போதிய காலம் கண்காணிக்கப்பட்ட 35 பேரில் 32 பேர், தொடர்ந்து ஓராண்டுக்குக் குறையாமல் ரத்தம் ஏற்றிக்கொள்ளும் தேவையே இல்லாமல் இருந்தார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை கையில் ஊசி குத்தப்பட்டே வளர்ந்தவர்கள் அவர்கள். இதை எழுதும்போதே எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

இனி, செய்முறையைப் பாருங்கள். முதலில் சில நாள் ஊசி போட்டு, மஜ்ஜையில் உள்ள ரத்த ஸ்டெம் செல்களை (ரத்த அணுக்களை உண்டாக்கும் மூலச் செல்களை) ரத்த ஓட்டத்துக்கு வரவழைத்து, ஓர் இயந்திரத்தின் வழியாகப் பிரித்தெடுக்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் அந்தச் செல்களுக்கு நொடிப்பொழுது மின் துடிப்பு கொடுத்தால், செல் சவ்வில் நுண்ணிய துளைகள் திறக்கின்றன. அவற்றின் வழியாக வெட்டும் புரதமும், எங்கே வெட்ட வேண்டும் என்று வழிகாட்டும் ஆர்.என்.ஏ.வும் உள்ளே செல்கின்றன. வெட்டுப்பட்ட இடத்தைச் செல் தானே ஒட்டிக்கொள்ளும்போது சில மரபணு எழுத்துகள் தவறிப்போகின்றன. அந்தத் தவறுதான் இங்கே மருந்தாகிறது. பிறகு தரப் பரிசோதனை, உறைய வைத்தல் என்று மாதக்கணக்கில் ஆகிறது.

அதற்கு அடுத்த கட்டத்தைத்தான் உங்கள் மைத்துனர் விட்டுவிட்டார். திருத்திய செல்களை அப்படியே உடலில் ஏற்றிவிட முடியாது. மஜ்ஜை முழுக்கப் பழைய செல்கள் குடியிருக்கும்போது புதியவற்றுக்கு இடம் கிடைக்காது. ஆகவே புசல்ஃபான் என்ற கீமோதெரபி மருந்தை அதிக அளவில் கொடுத்துப் பழைய மஜ்ஜையை அழித்துவிட்டே திருத்திய செல்களை ஏற்றுகிறார்கள். முடி உதிர்தல், வாய்ப்புண், வெள்ளணுக்கள் இல்லாத வாரங்கள், கிருமித்தொற்று அபாயம், கல்லீரல் நாளங்கள் அடைபடும் அபாயம், பிற்காலத்தில் கருத்தரிப்பதில் பாதிப்பு ஆகிய எல்லாம் இதிலும் உண்டு. அண்ணனின் மஜ்ஜையை ஏற்றும் முன்பும் இத்தகைய மருந்துகளைத்தான் கொடுக்கிறார்கள். கீமோதெரபியைத் தவிர்ப்பதற்காகக் காத்திருக்கிறோம் என்று நீங்கள் எண்ணினால், அந்தக் காத்திருப்புக்கு இன்று அடிப்படையே இல்லை.

மரபணுச் சிகிச்சையின் உண்மையான மேன்மை வேறு இடத்தில் இருக்கிறது. செல்கள் நோயாளியுடையவையே என்பதால் கொடையாளர் தேவையில்லை. பிறருடைய நோய் எதிர்ப்புச் செல்கள் நம் உடலைத் தாக்கும் ஒட்டு எதிர்ப்பு நோயும் வராது. பொருந்தும் உடன்பிறப்பு இல்லாத குடும்பத்துக்கு இது வாழ்வா சாவா என்ற அளவுக்கு முக்கியமானது. ஓர் உடன்பிறப்பு முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். உங்களுக்கு அது வாய்த்திருக்கிறது. முழுமையாகப் பொருந்தும் உடன்பிறப்பின் மஜ்ஜையில் ஒட்டு எதிர்ப்பு நோயின் அபாயம் மற்ற கொடையாளர்களை விடக் குறைவு. இதோடு, கேஸ்ஜெவி 12 வயது நிரம்பியவர்களுக்கென்றே முதலில் அனுமதிக்கப்பட்டது. அமெரிக்காவில் அறிமுகமானபோது அதன் விலை 22 லட்சம் டாலர், அதாவது நம் பணத்தில் 18 கோடி ரூபாய்க்கு மேல். நம் நாட்டு விஞ்ஞானிகளின் திறமையில் எனக்கு ஐயமில்லை. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபீலியா ஏ நோயாளிகள் ஐந்து பேருக்குச் செய்யப்பட்ட மரபணுச் சிகிச்சையின் நல்ல முடிவுகள் 2024இல் வெளியாகியிருக்கின்றன. ஆனால் உங்கள் மகளின் உடம்பில் நடப்பது நமக்காக நின்று காத்திருக்கப் போவதில்லை.

ஒரு யூனிட் ரத்தத்தில் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. அவள் வயதுக்கு முழு யூனிட் ஏற்றாவிட்டாலும், ஏற்றுகிற ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் இரும்பு சேருகிறது. அதை வெளியேற்ற உடலில் இயற்கையான வழி கிடையாது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்றால் ஆண்டுக்கு 17 முறை. ஐந்து ஆண்டு காத்திருந்தால் 85 முறைக்கு மேல். அந்த இரும்பு முதலில் கல்லீரலிலும், பிறகு ஹார்மோன் சுரப்பிகளிலும் இதயத்திலும் படிகிறது. மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையின் முடிவைத் தீர்மானிப்பதே பெரும்பாலும் இதுதான். இத்தாலியின் பெசாரோ நகரில் லுகரெல்லி என்ற மருத்துவர் நூற்றுக்கணக்கான தாலசீமியா நோயாளிகளுக்கு மஜ்ஜை மாற்றிப் பெற்ற அனுபவத்திலிருந்து மூன்று கேள்விகளை வகுத்தார்: கல்லீரல் விலா எலும்புக்குக் கீழே 2 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கியிருக்கிறதா, கல்லீரலில் தழும்பு விழுந்திருக்கிறதா, இரும்பகற்றும் மருந்து ஒழுங்காகக் கொடுக்கப்பட்டதா? மூன்றிலும் நல்ல நிலையில் உள்ள, பொருந்தும் உடன்பிறப்பு உள்ள குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் உயிர் பிழைக்கிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பிறகு ரத்தமே தேவைப்படுவதில்லை. கேள்விகள் ஒவ்வொன்றாகத் தவறத் தவற இந்த வாய்ப்பு குறைகிறது. உங்கள் மகளிடம் மூன்றாவது கேள்வி ஏற்கெனவே ஆட்டம் கண்டிருக்கிறது.

பத்தில் ஒன்பது என்பதன் மறுபக்கத்தையும் நீங்கள் தெரிந்துகொண்ட பிறகே கையெழுத்திட வேண்டும். நல்ல நிலையில் உள்ள குழந்தைகளிலும் சிலரைச் சிகிச்சையின்போதே இழக்க நேரிடுகிறது. சிலருக்கு அண்ணனின் மஜ்ஜை ஒட்டாமல் போய்த் தாலசீமியா திரும்புகிறது. சிலருக்கு ஒட்டு எதிர்ப்பு நோய் வந்து மாதக்கணக்கில் தொல்லை தருகிறது. மருத்துவமனையில் ஒரு மாதம் அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். பிறகும் முதல் நூறு நாள் மருத்துவமனைக்கு அருகிலேயே வீடெடுத்துத் தங்க வேண்டும். ஏறத்தாழ ஓராண்டு பள்ளிக்கூடம் கிடையாது. கருத்தரிப்புப் பாதிப்பைப் பற்றிப் பெண் குழந்தையின் பெற்றோர் கேட்கத் தயங்குகிறார்கள், தயவுசெய்து கேளுங்கள். சினைப்பைத் திசுவை முன்கூட்டியே எடுத்து உறைய வைக்கும் வசதி சில மையங்களில் இருக்கிறது. அது கீமோதெரபிக்கு முன்பே செய்யப்பட வேண்டியது. புசல்ஃபானுக்குப் பதிலாக ட்ரியோசல்ஃபான் என்ற மருந்தைப் பயன்படுத்திக் கல்லீரல் நாள அடைப்பைக் குறைக்க முடிகிறது என்பதை வேலூர் மருத்துவர்கள் காட்டியிருக்கிறார்கள். உங்கள் மையம் எதைத் தரவிருக்கிறது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பையனைப் பற்றி உங்கள் மனைவிக்குச் சொல்லுங்கள். அவன் முழு மயக்கத்தில் குப்புறப் படுத்திருப்பான். இடுப்பெலும்பின் பின்புறம், பெல்ட் கட்டும் இடத்துக்குச் சற்றுக் கீழே, ஊசி வழியாக மஜ்ஜையைச் சிறிது சிறிதாக உறிஞ்சி எடுப்பார்கள். பார்ப்பதற்கு அது அடர்ந்த ரத்தம் போலத்தான் இருக்கும். எலும்பை அறுப்பதில்லை; முதுகுத் தண்டின் பக்கமே போவதில்லை. அவனுடைய எடைக்குக் கிலோவுக்கு 20 மில்லிலிட்டரைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வார்கள். சில நாள் இடுப்பு வலிக்கும். சில வாரம் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட வேண்டியிருக்கலாம். எடுத்த மஜ்ஜை சில வாரங்களில் மீண்டும் ஊறிவிடும். மயக்க மருந்துக்கு உரிய சிறிய அபாயம் உண்டு. அதைத் தவிர அவனுடைய வளர்ச்சிக்கோ பிற்கால உடல்நலத்துக்கோ இதனால் கேடு வருவதில்லை. அவன் தாலசீமியா மரபணுவைச் சுமப்பவனாக இருந்தாலும் கொடையாளராக இருக்கத் தடையில்லை. பத்து வயதுப் பையனுக்கு எல்லாம் புரியும். பெரியவர்கள் முடிவெடுத்த பிறகு சொல்லாமல், மருத்துவர் முன்னிலையில் அவனிடமே பேசி அவனுடைய சம்மதத்தையும் கேளுங்கள்.

இப்போதே மாற்ற வேண்டியது ஒன்று இருக்கிறது. நீங்களோ உங்கள் தம்பியோ தரும் ரத்தத்தை இனி மகளுக்கு ஏற்ற வேண்டாம். அன்பினால் செய்கிறீர்கள், ஆனால் நெருங்கிய உறவினரின் ரத்தம் ஏறும்போது, அண்ணனிடமும் உள்ள குடும்ப அடையாளங்களை எதிர்க்க அவளுடைய உடல் பழகிக்கொள்ளக்கூடும். பிறகு அண்ணனின் மஜ்ஜையை நிராகரிக்கும் அபாயம் கூடுகிறது. ரத்த வங்கிக்குத் தாராளமாகக் கொடுங்கள். மகளுக்கு மட்டும் உறவல்லாதவர்களின் ரத்தம், வெள்ளணு நீக்கி, கதிர்வீச்சு அளித்து ஏற்றப்படட்டும்.

டெஃபெராசிராக்ஸை நீங்களாக நிறுத்துவதும் கூடாது. கரைத்துக் குடிக்கும் வகையால் வயிற்றுப்போக்கு வந்தால், லேசான உணவுடன் விழுங்கக்கூடிய வேறொரு வகை மாத்திரை இருக்கிறது. அதன் அளவு வேறு என்பதால், மருந்துக் கடையில் மாற்றி வாங்காமல் உங்கள் மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். நீர்ச்சத்து குறையும் அளவுக்குப் போக்கு இருந்தால் அன்றே அவரைத் தொடர்புகொள்ளுங்கள். சிறுநீரகத்தைக் காக்க அவரே தற்காலிகமாக நிறுத்தச் சொல்லக்கூடும். ஃபெரிட்டின் ஒரு தோராயமான அளவுகோல்தான். கல்லீரலிலும் இதயத்திலும் படிந்துள்ள இரும்பை அளக்கும் எம்.ஆர்.ஐ. டி2 ஸ்டார் பரிசோதனையைச் சிகிச்சைக்கு முன் செய்ய வேண்டும். தீவிரமாக இரும்பகற்ற வேண்டியிருந்தால் அதற்குச் சில மாதங்கள் செலவிடலாம். அந்தத் தாமதம் பயனுள்ள தாமதம்.

செலவு மருத்துவமனையைப் பொறுத்து 10 முதல் 15 லட்சம் ரூபாய் ஆகலாம். பொருந்தும் உடன்பிறப்பு உள்ள தாலசீமியா குழந்தைகளுக்கு, கோல் இந்தியா நிறுவனத்தின் நிதியில் மத்திய சுகாதார அமைச்சகம் நடத்தும் தாலசீமியா பால் சேவா திட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்கிறது. குடும்ப வருமான வரம்பு உண்டு. திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனையின் சமூகப்பணிப் பிரிவில் விண்ணப்பம் பற்றிக் கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள்.

இறுதியாக, நீங்கள் கேட்காத ஒன்று. மஜ்ஜை மாறினால் அவளுடைய ரத்தம் மாறும். கருமுட்டைகளில் உள்ள மரபணு மாறாது. மரபணுத் திருத்தச் சிகிச்சையிலும் இதே நிலைதான். அவளுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் இந்த மரபணுவைப் பெற்றே பிறக்கும். கணவரும் அதைச் சுமப்பவராக இருந்தால் குழந்தைக்கு நோய் வர இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு. நீங்களும் உங்கள் மனைவியும் ஒரே குடும்பத்தவர் என்பதால், உங்கள் இருவரின் உடன்பிறந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் இந்த மரபணுவைச் சுமக்கிறார்களா என்று காட்டும் எச்.பி.எல்.சி. என்ற எளிய ரத்தப் பரிசோதனையை, உறவுக்குள் வரன் பேசும் முன்பே செய்துகொள்ள வேண்டும். நீங்கள் இன்னொரு குழந்தையை எண்ணியிருந்தால், கரு உண்டானதும் 11ஆம் வாரத்துக்குள் மரபியல் மருத்துவரிடம் செல்லுங்கள். கருவுக்கு நோய் இருக்கிறதா என்று அப்போதே சோதித்துச் சொல்ல முடியும். அதற்கு உங்கள் இருவரின் பீட்டா மரபணுவில் உள்ள பிறழ்வு எது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்பதால், அடுத்த முறை மகளுக்கு ரத்தம் ஏற்றச் செல்லும்போதே அந்தப் பரிசோதனைக்கு நீங்கள் இருவரும் ரத்தம் கொடுத்துவிட்டு வாருங்கள்.