வாசகர் கேள்வி-பதில்: பிட்ஸ்பர்க்ல பியாலி கெடைக்குமா?

கேள்வி: அக்கா, பத்து வருஷம் நியூ ஜெர்சி எடிசன்ல இருந்துட்டு இப்ப வேலை மாத்தி பிட்ஸ்பர்க் வந்திருக்கோம். அங்க ஞாயித்துக்கிழமை காலைலன்னா எனக்கு பேகல் (வளையமா இருக்கிற யூத ரொட்டி), எங்க வீட்டுக்காரருக்கு பியாலி (நடுக்குழில வெங்காயம் வச்ச ரொட்டி), அது மாறவே மாறாது. இங்க சூப்பர்மார்க்கெட்ல பேகல்னு விக்கிறது ஓட்டை போட்ட பன்னு மாதிரி இருக்கு, பியாலின்னு சொன்னா அப்படின்னா என்னன்னு கேக்குறாங்க. இந்த மாதிரி நடுத்தரமான ஊர்ல நல்லது கெடைக்கவே கெடைக்காதா?
(வாசகி, பிட்ஸ்பர்க்)

பதில்: பேகல் கண்டிப்பா கெடைக்கும்மா, பியாலிக்குத்தான் கொஞ்சம் மெனக்கெடணும். மொதல்ல உங்க ஊர்ல ஸ்குவிரல் ஹில் பக்கம் போங்க. ஃபோர்ப்ஸ் அவென்யூவும் மர்ரே அவென்யூவும் சேர்ற இடத்தைச் சுத்தி தலைமுறை தலைமுறையா யூதக் குடும்பங்க இருக்கிற ஏரியா அது. பேகல் அவங்க வீட்டுச் சாப்பாடு, போலந்துல க்ராக்கோ நகரத்து யூத சமூகம் 1610ல எழுதி வச்ச விதிமுறையிலயே பேகல் பேரு வருது. எந்த ஊருக்குப் போனாலும் இதே வழிதான், எங்க யூதக் கோவிலும் கோஷர் (யூத மதச் சாப்பாட்டு விதிப்படி நடக்கிற) கடையும் இருக்கோ அங்கேர்ந்து தேட ஆரம்பிங்க. ஸ்குவிரல் ஹில்லயே பிஜன் பேகல்ஸ்னு ஒரு கோஷர் கடை இருக்கு, முறையா கொதிக்க வச்சு சுடுறவங்க. எதுக்கும் கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு போன் அடிச்சுக்கோங்க. கோஷர் கடைங்க வெள்ளிக்கிழமை பொழுது சாயறதுக்கு முன்னாடி மூடினா சனிக்கிழமை ராத்திரி வரைக்கும் தொறக்க மாட்டாங்க, அது அவங்களுக்கு ஓய்வு நாள், வசந்த காலத்துல வர்ற பாஸோவர் பண்டிகை எட்டு நாளும் புளிச்ச மாவையே தொட மாட்டாங்க. இது தெரியாம சனிக்கிழமை காலைல குழந்தைங்களையும் கூட்டிக்கிட்டு போய் பூட்டின கதவைப் பாத்துட்டு திரும்பின குடும்பங்களை நானே பாத்திருக்கேன்.

கடைப் பேரை விட முக்கியமா நீங்க பாக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. உள்ள பெரிய அண்டா கொதிக்குதான்னு கேளுங்க. நல்ல பேகல்னா மாவைப் பிசைஞ்சு வளையமாக்கி ஒரு ராத்திரி குளிர்ல வச்சு, மறுநாள் மால்ட் (முளைகட்டின பார்லிச் சாறு) கலந்த கொதிக்கிற தண்ணில பக்கத்துக்கு அரை நிமிஷம் ஒரு நிமிஷம் போட்டு எடுத்து அதுக்கப்புறம்தான் அடுப்புக்குப் போகணும். கொதிக்கும்போது மேல் மாவு வெந்து ஒரு தோல் மாதிரி இறுகிக்கும், அதனால அடுப்புல கண்டபடி உப்ப முடியாது, பளபளப்பும் அந்த இழுத்துக் கடிக்கிற பதமும் அதுலேர்ந்துதான் வருது. இந்த அண்டா வேலையே வேண்டாம்னு நிறைய இடத்துல நீராவி அடுப்புல நேரா வச்சு எடுத்துடறாங்க. நீங்க சொன்ன பன்னு அந்த வகைதான். வாங்கினதைக் கையில எடுத்துப் பாருங்க, அளவுக்குக் கனமா இருக்கணும், தோல்ல குட்டிக் குட்டியா கொப்புளம் இருக்கணும் (ராத்திரி முழுக்க குளிர்ல இருந்ததுக்கு அடையாளம் அது), அழுத்தினா சட்டுனு அமுங்கக் கூடாது. அமுங்கிட்டா காசு குடுக்காதீங்க!

இப்ப பியாலி. உங்க வீட்டுக்காரர் மேல எனக்கு தனி மரியாதையே வந்துடுச்சு, ஏன்னா பியாலியை ஓட்டை இல்லாத பேகல்னு நெனைக்கிறவங்கதான் அதிகம், அது தப்பு. பியாலியைக் கொதிக்க வைக்கிறதே இல்ல, நேரா அடுப்புதான், மாவு தண்ணி உப்பு ஈஸ்ட் அவ்வளவுதான், நடுவுல விரலால குழி பண்ணி வதக்கின வெங்காயம் வைப்பாங்க, சிலர் கசகசாவும் சேப்பாங்க. நம்ம ஆப்பத்தை அப்படியே திருப்பிப் போட்டு யோசிங்க, ஆப்பத்துல ஓரம் மொறுமொறு நடு மெத்துனு, பியாலில நடுக்குழி மொறுமொறு ஓரம் மெத்துனு.

அந்தப் பேரு போலந்துல இருக்கிற பியாலிஸ்டாக் ஊர்லேர்ந்து வந்தது. ஊர்ல பாதிக்கு மேல யூதர்கள் இருந்த காலம் உண்டு, ஏழை பணக்காரன்னு பாக்காம எல்லா வீட்லயும் இந்த ரொட்டிதான். 1941 ஜூன் 27ஆம் தேதி ஜெர்மன்காரங்க அந்த ஊர் பெரிய யூதக் கோவில்ல நூத்துக்கணக்கான பேரை உள்ள அடைச்சு தீ வச்சாங்க, 1943 ஆகஸ்ட்ல மிச்சம் இருந்தவங்க ஆயுதம் எடுத்து எதுத்து நின்னாங்க, அதையும் நசுக்கிட்டாங்க. சுட்ட கையும் போச்சு, சாப்பிட்ட வாயும் போச்சு. அதுக்கு முன்னாடியே கப்பல் ஏறி நியூயார்க் வந்தவங்க கையோட கொண்டு வந்த பழக்கம்தான் இன்னிக்கு உங்க வீட்டுக்காரர் தட்டு வரைக்கும் வந்திருக்கு. எனக்கு ஒவ்வொரு தடவை பியாலி பிச்சு வாயில வைக்கும்போதும் இது ஞாபகம் வரும், வராம இருக்காது.

அப்ப ஏன் சின்ன ஊர்ல கெடைக்கல? முக்கியமான காரணம் அதோட ஆயுசு ரொம்பக் கம்மி. சுட்டு அஞ்சாறு மணி நேரத்துல தோல் மாதிரி ஆயிடும், காலைல சுட்டது மத்தியானத்துக்குள்ள வித்தாகணும், கேட்டு வாங்குற கூட்டம் இல்லாத ஊர்ல எந்த பேக்கரிக்காரர் துணிவார் சொல்லுங்க. பேகலுக்கு அந்தப் பிரச்சனை தீர்ந்துடுச்சு, கனெக்டிகட் நியூ ஹேவன்ல 1927ல தொடங்கின லெண்டர்ஸ் குடும்பம் உறைய வச்ச பேகலை பாக்கெட்ல போட்டு நாடு பூரா கொண்டு போயிட்டாங்க, 1960கள்ல பேகல் உருட்டுற மெஷினும் வந்துடுச்சு. அதோட நியூயார்க்ல கையால உருட்டினவங்களோட லோக்கல் 338 யூனியனும் மெல்ல மெல்ல பலம் இழந்து போச்சு. பியாலிக்கு அந்த மாதிரி ஒரு படை வரவே இல்ல.

உங்களுக்கு ரெண்டு வழி இருக்கு. நியூயார்க்ல லோயர் ஈஸ்ட் சைடு கிராண்ட் ஸ்ட்ரீட்ல கோசார்ஸ், 1936லேர்ந்து பியாலி சுடுறவங்க, வெளியூருக்குப் பார்சல் அனுப்புறாங்க. வந்ததும் உடனே நெடுக்க வெட்டி ஃப்ரீசர்ல போட்டுடுங்க, ஃப்ரிட்ஜ்ல வேண்டாம், ஃப்ரிட்ஜ் குளிர்ல ரொட்டி வெளியில வச்சதை விட சீக்கிரமா வறண்டு போகும். வேணுங்கிறப்ப உறைஞ்சது உறைஞ்சபடி சூடான அவன்ல அஞ்சு நிமிஷம். ரெண்டாவது வழி வீட்லயே சுடுறது, அதைக் கடைசிக் கேள்வில சொல்றேன்.

கேள்வி: நியூயார்க் தண்ணி இல்லாம நல்ல பேகல் வரவே வராதுன்னு சொல்றாங்களே, உண்மையா?
(வாசகர், கொலம்பஸ்)

பதில்: நியூயார்க் தண்ணி மென்மையான தண்ணிதான், மாவுல அது கொஞ்சம் வித்தியாசம் பண்ணும். ஆனா புரதம் அதிகமான மாவு, ராத்திரி முழுக்க குளிர், கொதிக்கிற அண்டா, இந்த மூணும் பண்ற வேலைக்கு முன்னாடி தண்ணி ரொம்பச் சின்ன விஷயம். கனடால மாண்ட்ரியல்காரங்க தேன் கலந்த தண்ணில கொதிக்க வச்சு விறகு அடுப்புல சுடுறாங்க, சின்னதா இனிப்பா வேற மாதிரி இருக்கும், அதுக்கும் உயிரைக் குடுக்குற கூட்டம் இருக்கு. ஊர்த் தண்ணியைக் குறை சொல்லிட்டு அண்டாவை எடுத்துட்ட கடைக்காரர் பேச்சை நம்பாதீங்க.

கேள்வி: நாங்க சுத்த சைவம், முட்டையும் கிடையாது. பேகல் சாப்பிடலாமா?
(வாசகி, க்ளீவ்லண்ட்)

பதில்: சாதா பேகல், எள்ளு, கசகசா, வெங்காயம், இதுலல்லாம் பொதுவா முட்டை வராது, எக் பேகல்னு மஞ்சளா இருக்கிறதை மட்டும் தள்ளி வைங்க. மேல முட்டை தடவுறீங்களான்னும் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. பாக்கெட் பேகல்னா பின்னாடி எல்-சிஸ்டீன்னு போட்டிருக்கான்னு பாருங்க, மாவை இளக்க சேக்குறது, பறவை இறகுலேர்ந்தும் எடுப்பாங்க. லாக்ஸ்னு எழுதியிருந்தா அது சால்மன் மீன். ஸ்காலியன் க்ரீம் சீஸ்னா வெங்காயத்தாள் போட்டது, உங்களுக்கு அதுதான் சரி.

கேள்வி: பியாலி வீட்ல செய்ய முடியுமாக்கா? எங்க ஊர்ல பேக்கரியே ரெண்டுதான்.
(வாசகர், ரோசெஸ்டர்)

பதில்: தாராளமா, பேகலை விட இது சுலபம், அண்டா வேலையே இல்லையே. மைதா வேண்டாம், ப்ரெட் ஃப்ளார்னு விக்கிறது 500 கிராம், தண்ணி 320 கிராம், உப்பு 10 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஒரு டீஸ்பூன். பத்து நிமிஷம் நல்லா பிசைஞ்சு ரெண்டு மணி நேரம் வெளியில வச்சுட்டு ராத்திரிக்கு ஃப்ரிட்ஜ்ல வைங்க, நேரம்தான் ருசி, இட்லி மாவு புளிக்க வச்சுப் பழகின நமக்கு இதைத் தனியா சொல்லணுமா. காலைல எட்டு உருண்டை, மூடி வச்சு ஒரு மணி ஒன்றரை மணி நேரம். வெங்காயத்தைப் பொடியா நறுக்கி எண்ணெய்ல பொன்னிறத்துக்கு கொஞ்சம் முன்னாடியே இறக்கிடுங்க, அடுப்புல மறுபடி வேகும்ல, கசகசாவும் உப்பும் அதுல கலந்துக்கோங்க. அவனை 475 டிகிரி ஃபாரன்ஹீட்ல, ரொட்டி சுடுற கல்லை உள்ள வச்சு, அரை மணி நேரம் காய வைங்க.

எல்லாரும் சறுக்குற இடம் குழிதான். கட்டை விரலால லேசா அமுக்கிட்டு விட்டுடறாங்க, அடுப்புல போனதும் நடு எழும்பி வெங்காயத்தை வெளில தள்ளிடும், பன்னாயிடும். ஓரத்தைத் தொடாம நடுவை மட்டும் ரெண்டு கையாலயும் இழுத்து, வெளிச்சத்துல பிடிச்சா ஊடுருவித் தெரியுற அளவுக்கு மெல்லிசாக்குங்க, ஃபோர்க்கால நாலு குத்து குத்துங்க, அப்புறம்தான் வெங்காயம். 12லேர்ந்து 15 நிமிஷம், மேல அங்கங்க பழுப்பு விழுந்ததும் எடுத்துடுங்க. வெளுப்பாவே இருக்கிற இடம் கொஞ்சம் இருக்கும், அது அப்படித்தான் இருக்கணும். வெட்டாதீங்க, சூடா இருக்கும்போதே மேல வெண்ணெய் தடவுங்க, குழில உருகி வெங்காயத்தோட சேரட்டும்.