அமெரிக்காவில் பெண்களே பெண்ணியத்தை எதிர்த்தார்களாமே, கணவன்மார் தூண்டிவிட்டதா?

இல்லவே இல்லை. கேட்டவர் வேலைக்குப் போகிறவராக இருப்பார் என்று நினைக்கிறேன். வீட்டில் இருக்கும் பெண் ஏதாவது செய்தால் பின்னால் ஓர் ஆண் இருப்பான் என்று முடிவு கட்டுவதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது, அதனால்தான் எழுதுகிறேன்.

நான் இருப்பது இல்லினாயில். கணவரின் விசாவில் வந்த புதிதில் எனக்கு வேலை பார்க்க அனுமதி கிடையாது, பக்கத்து வீட்டுப் பாட்டிதான் பேச்சுத்துணை. ஒருநாள் ஊசி நூல் டப்பாவைக் கிளறி ஒரு பேட்ஜை எடுத்துக் காட்டினார். தெருமுனை 'ஸ்டாப்' பலகை மாதிரியே எட்டு மூலை, சிவப்பு நிறம். எழுபதுகளில் வீட்டில் சுட்ட ரொட்டியோடு மாநிலத் தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டில் இருக்கும் சட்டமன்றத்துக்குப் போய், உறுப்பினர்கள் கையில் கொடுத்து 'எதிர்த்து ஓட்டுப் போடுங்கள்' என்று கேட்ட பெண்களில் அவரும் ஒருவர். வீட்டுக்காரர் என்ன சொன்னார் என்று கேட்டேன். "அவருக்கு அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு லேட்டாகுமே என்ற கவலைதான்" என்றார்.

அவர்கள் எதிர்த்தது அமெரிக்க அரசியலமைப்பில் சேர்க்க நினைத்த சம உரிமைத் திருத்தத்தை, ஆங்கிலத்தில் சுருக்கமாக ஈ.ஆர்.ஏ. ஆண், பெண் என்று பார்த்துச் சட்டம் யாருடைய உரிமையையும் மறுக்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம். 1972 மார்ச்சில் காங்கிரஸில், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தில், நிறைவேறியது, அந்த வருடம் முடிவதற்குள் 22 மாநிலங்கள் ஒப்புதல் கொடுத்துவிட்டன, திருத்தம் நடைமுறைக்கு வரத் தேவை 38. அப்போதுதான் இதே மாநிலத்தின் ஆல்டன் ஊர்க்காரர், ஆறு பிள்ளைகளின் தாய் ஃபிலிஸ் ஷ்லாஃப்லி 'ஸ்டாப் ஈ.ஆர்.ஏ' இயக்கத்தைத் தொடங்கினார். ஒப்புதலுக்கு வைத்த கெடுவுக்குள் எண்ணிக்கை 35-ஐத் தாண்டவில்லை. அந்தக் கெடுவை 1982 ஜூன் 30 வரை நீட்டிப் பார்த்தும் நடக்கவில்லை.

ஏன் எதிர்த்தார்கள்? வியட்நாம் போர் நடந்த காலம், மகள்களையும் கட்டாய ராணுவச் சேவைக்கு இழுத்துவிடுவார்களோ என்ற பயம். அதைவிடப் பெரியது, மனைவிக்குச் சோறு போட வேண்டும் என்று கணவனுக்குச் சட்டம் வைத்த கடமை போய்விடும் என்பது. இருபது வருடம் சம்பளமில்லாமல் குடும்பம் நடத்திவிட்டு, அவன் விட்டுப் போனால் கையில் என்ன இருக்கும்?

உடனே 'பிற்போக்குவாதி' என்று கமெண்டில் வந்துவிடாதீர்கள். ஓட்டு இருந்திருந்தால் நான் திருத்தத்துக்குத்தான் போட்டிருப்பேன், பாட்டியிடமே சொல்லியிருக்கிறேன். அந்தக் கடமையைக்கூட, தம்பதி சேர்ந்து வாழும்வரை நீதிமன்றங்கள் பெரிதாகக் கண்டுகொண்டதில்லை. வீட்டுப் பெண்களின் பெருமையைப் பேசிய ஷ்லாஃப்லியோ இரண்டு முறை காங்கிரஸ் தேர்தலில் நின்றவர், 1978-ல் சட்டப் பட்டமும் வாங்கியவர். அந்த முரண்பாட்டைத் தாராளமாகக் கேளுங்கள். ஆனால் ரொட்டி சுட்ட பெண்களைப் பொம்மைகள் என்று சொல்லாதீர்கள். பயம் அவர்களுடையது, உழைப்பும் அவர்களுடையது.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். இங்குள்ள தமிழர் கூட்டங்களில் 'வீட்டில் சும்மாதானே இருக்கீங்க' என்று என்னைக் கேட்டவர்களில் பாதிப்பேர் மெத்தப் படித்த, முற்போக்குப் பேசுகிற ஆண்கள். பொங்கலுக்குச் சமைக்க ஆள் வேண்டுமென்றால் மட்டும் முதல் போன் எனக்குத்தான் வரும்.